ஒரே கையெழுத்தில் எட்டுச் சலான்கள்

என் மேசைமேல் எட்டுச் சலான்கள் இருக்கின்றன. வங்கியில் பணம் கட்டினால் முத்திரை குத்திக் கிழித்துத் தருவார்களே, அந்தத் துண்டுகள். எட்டையும் சேர்த்துக் குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை போட்டிருக்கிறது. மூன்றாவது சலானின் மூலையில் ஒரு மீன்செதில் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தேன். அப்புறம் கையை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறுகிறது. போன மாதம் பழைய அலமாரியை ஒழித்தபோது உங்கள் ஊர்க் குழுவின் கோப்பிலிருந்து இவை விழுந்தன. எட்டுப் பெண்களின் பெயர்கள், எட்டுக் கணக்கு எண்கள், ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் ரூபாய். எழுதிய கை மட்டும் ஒன்று. கோட்டைத் தாண்டி மேலே ஏறிப்போகிற, எட்டாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து. உன் எழுத்து. ஒவ்வொரு சலானிலும் என்னுடைய சிவப்பு மை டிக் இருக்கிறது. அன்றைக்கே பார்த்திருக்கிறேன், டிக் போட்டிருக்கிறேன், கோப்பில் வைத்து மூடியிருக்கிறேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. உனக்கு இப்போது கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று நீயே கேட்பாய். ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் நான் உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி நிற்கிறது. அதை வேறு யாரிடமும் முதலில் சொல்லக்கூடாது.

உனக்கு நினைவிருக்கும், இனயத்துக்குப் பக்கத்தில் உங்கள் கடற்கரைக்கு நான் முதலில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குப் போகாத நாள் என்பதால் ஞாயிறுதான் வகுப்பு. சர்ச்சில் இரண்டாம் பூசை முடிந்து பதினான்கு பெண்கள் ஊர் ஹாலில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் திட்டத்தை விளக்கினேன். மாதம் ஆயிரம் ரூபாய் நீங்கள் சேமிக்க வேண்டும். இருபத்துநான்கு மாதம் விடாமல் சேமித்தால், நீங்கள் போட்ட அளவுக்கு எங்கள் அறக்கட்டளையும் போடும். இரண்டும் சேர்ந்த பணத்தில் கூரை மாற்றலாம், தொழிலுக்கு ஏதாவது வாங்கலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். கூடவே வரவு செலவு பற்றி மாதம் இரண்டு வகுப்பு. நீங்கள் எல்லாரும் அதற்கு உடனே ஒரு பெயர் வைத்துவிட்டீர்கள். அறக்கட்டளையின் பங்குக்கு 'எரட்டிப்பு' என்று பெயர்.

பிறகு நான் சார்ட்டை விரித்து, "உங்கள் மாத வருமானம் எவ்வளவு, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்" என்றேன். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்னாலிருந்து நீதான் சொன்னாய்.

"டீச்சரே, எங்களுக்கு மாசம் கெடையாது. நாளுதான் உண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. நான் ஒன்றாம் தேதி சம்பளம் வருகிற வீட்டில் பிறந்தவள். என் அப்பா நாகர்கோவிலில் ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். பாலுக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு என்று கவர்களில் பிரித்து வைக்கும் வீடு. உலகமே அந்தக் கவர்களுக்குள் அடங்கும் என்று நம்பித்தான் சார்ட்டைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

உன் ஆவணங்களைச் சரிபார்த்தபோதுதான் நமக்கு ஒரே வயது என்று தெரிந்தது. நீ மூன்று மாதம் மூத்தவள். "அப்பம் நீ எனக்க கூட்டுக்காரியாக்கும்!" என்று என் முதுகில் ஒன்று வைத்தாய். மீன்வாடை அடிக்கும் கை. "வகுப்புக்குள்ள டீச்சரு. வெளியில ஏட்டி. சரிதானா?" வகுப்பில் அந்த ஒப்பந்தத்தை நீ ஒருநாளும் மீறவில்லை. ஹால் வாசற்படியைத் தாண்டினால்தான் 'ஏட்டி' வரும். அங்கே வேலைக்கு வந்த எனக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிதாக இருந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை.

உன் எரட்டிப்பு எதற்கு என்று எழுதும் கட்டத்தில் நீ 'ஸ்கூட்டர்' என்று எழுதினாய். நான் கேள்வி கேட்டேன். என் வேலையே கேள்வி கேட்பதுதானே. அப்போதுதான் நீ சொன்னாய். விடிவதற்கு முன் ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தில் ஐஸ் போட்டுத் தலையில் ஏற்றி, பஸ்ஸுக்கு நிற்பாய். "நான் கைகாட்டினா மட்டும் டிரைவருக்குக் கண்ணு தெரியாது" என்றாய். நின்றாலும் வாடை என்று கடைசிப் படியில் நிறுத்துவார்கள். ஷேர் ஆட்டோக்காரர் சருவத்துக்குத் தனி டிக்கெட் கேட்பார். அதனால் பாதி நாள் நடைதான். குளச்சல் வீடுகளில் சாளையும் நெத்தோலியும் விற்று முடித்துத் திரும்பும்போது இரண்டு கால்முட்டும் வீங்கியிருக்கும். டாக்டர் தலைச்சுமை கூடாது என்று சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது.

"பின்னால ஐஸ் பெட்டி. முன்னால நான். சேலைய இழுத்துச் சொருகிட்டு ஒரு போக்கு போவேன், பாத்துக்க" என்று நீ எழுந்து நின்று ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் காட்டினாய். அன்றைக்கு வகுப்பு அதற்குமேல் நடக்கவில்லை.

வகுப்பு முடிந்த ஞாயிறுகளில் கோயிலுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் என் ஸ்கூட்டரில் உனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தேன். இரண்டாவது வாரமே கோல்போஸ்ட்டில் கொண்டுபோய் இடித்தாய். என் வண்டியின் முன்பக்கம் கீறியது. "வண்டிக்க மூக்கு போச்சே!" என்று நீ மண்ணில் உட்கார்ந்தபடியே சிரித்தாய். அந்தக் கீறல் இப்போதும் அப்படியே இருக்கிறது. நான் பெயின்ட் அடிக்கவில்லை.

பதினேழு மாதம் நீ ஒருமுறைகூடத் தவறவில்லை. ஒன்பதாவது மாதம் மகளுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் விற்பனைக்குப் போகாதபோதுகூட, பத்தாம் தேதி காலையில் கட்டிவிட்டாய். குளச்சலுக்கு விற்கப் போகிறவள் என்பதால், மற்றவர்களின் பாஸ்புக்கும் பணமும் வாங்கிக்கொண்டு போய் வங்கியில் கட்டுவதும் நீதான். எல்லாருடைய சலானையும் நீ எழுதுவது வழக்கம் என்றுதானே நான் அந்த எட்டையும் கண்டு சந்தேகப்படவில்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது நிற்கவில்லை. ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

பதினெட்டாவது மாதம்தான் மீன்பிடிக்கப் போன அந்த வள்ளம் கடலில் காணாமல் போனது. உங்கள் தெருவைச் சேர்ந்த இரண்டு பேர் போன வள்ளம். உங்கள் ஊரில் அப்படியானால் என்ன நடக்கும் என்பது எனக்கு அப்போது பாதிதான் தெரியும். மற்ற வள்ளங்கள் மீனுக்குப் போகாது, ஆளைத் தேடித்தான் போகும். டீசலுக்கு வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுப்பார்கள். ஏலம் நடக்காது. மீனில்லாவிட்டால் பெண்களுக்கும் விற்பனை இல்லை. எனக்குத் தெரியாத மீதிப் பாதி இதுதான்: கடலில் ஆளைத் தேடுகிற நாட்களில் யாரும் யாரிடமும் போய்க் கைமாற்றுக் கேட்கமாட்டார்கள். அந்த வீட்டார் காதுபட ஊரில் பைசாப் பேச்சு எழக்கூடாது. அது உங்களுக்குள் யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த முறை.

அதற்கு முந்தைய மாதம் மீன்பிடித் தடைக்காலம். எட்டுப் பேர் அந்தத் தவணையைக் கட்டவில்லை. காதில் கழுத்தில் கிடந்தது எல்லாம் ஏற்கெனவே அடகுக்குப் போயிருந்தது. விதி இதுதான்: ஒரு மாதம் தவறலாம். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் எரட்டிப்பு முழுவதும் போய்விடும். போட்ட பணம் மட்டும் கையில் வரும்.

ஒன்பதாம் தேதி ஞாயிறு. வள்ளம் போய் ஆறாவது நாள். நான் அன்றைக்கும் வகுப்பு எடுத்தேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கரையிலிருந்து செபமாலைச் சத்தம் ஹாலுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அவசரச் செலவுக்குத் தனி உண்டியல் வைப்பது பற்றிச் சார்ட் காட்டிக்கொண்டிருந்தேன். முடிக்கும்போது, "நாளை பத்தாம் தேதி, ஞாபகம் இருக்கட்டும்" என்றேன்.

யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நான் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டேன். நீ மட்டும் எழுந்தாய்.

"டீச்சரே, வள்ளமெல்லாம் தேடப் போயிருக்குது. ஏலம் இல்ல. தேதியக் கொஞ்சம் தள்ளிக் கிட்டுமான்னு ஆபீஸ்ல கேட்டுப் பாப்பியளா?"

"கேட்கிறேன்" என்றேன்.

மறுநாள் காலை நீ அலுவலகம் வந்தாய். தலையில் சருவம் இல்லாமல் உன்னைச் சாலையில் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

"ஆபீஸ்ல என்ன சொன்னாவ?"

"முடியாதுங்கறாங்க" என்றேன்.

நீ ஜன்னல் பக்கம் திரும்பினாய். விரல் மடக்கி ஏதோ கூட்டிக் கழித்தாய். பிறகு, "அப்பம் எனக்க பைசாவ எடுக்கணும். ஒனக்க ஒப்பு வேணும்லா" என்றாய். இடையில் பணம் எடுக்க என் கையெழுத்தும் வேண்டும் என்பது விதி.

நான் கொதித்துப் போனேன். இன்னும் ஏழு மாதம்தான், பொறுக்க முடியாதா, ஸ்கூட்டர் என்ன ஆவது, எரட்டிப்பு அவ்வளவும் போய்விடுமே என்று சத்தம் போட்டேன். "வீட்டில ஒரு காரியம்" என்றாய். என்ன காரியம் என்று கேட்டேன். சொல்லவில்லை. "ஸ்கூட்டர் கெடக்கட்டும். ஒப்பப் போடு ஏட்டி" என்றாய். அலுவலகத்துக்குள் நீ என்னை ஏட்டி என்று கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். போட்டேன். பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டேன்.

அன்று மாலைக்குள் எட்டுப் பேரின் தவணையும் கட்டியாகிவிட்டது. எனக்கு ஆச்சரியம், அதைவிடப் பெருமை. இவ்வளவு நெருக்கடியிலும் ஒருவர்கூட விடுபடவில்லை, உண்டியல் பாடம் வேலை செய்திருக்கிறது என்று மாதாந்திர அறிக்கையில் எழுதினேன். கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு நான் செய்ததை உனக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஒரு வள்ளக்காரரின் உடல் கரைக்கு வந்து அடக்கம் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மற்றவர் கிடைக்கவே இல்லை. கணக்கை மூடிவிட்டாலும் நீ வகுப்புக்கு வந்திருந்தாய், எப்போதும்போலப் பின்வரிசையில். இலக்கை நடுவழியில் விட்டுவிடுவது எப்படிப்பட்ட நஷ்டம் என்று பாடம் எடுத்தேன். "நம்மில் ஒருவரே அந்தத் தப்பைச் செய்திருக்கிறார். பெயர் சொல்ல விரும்பவில்லை" என்றேன். பதினான்கு பேர் இருக்கும் அறையில் பெயர் சொல்ல வேண்டுமா என்ன. எட்டுப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். உன் பக்கத்தில் இருந்த லீமா சட்டென்று எழப்போனாள். நீ அவள் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய். அதை நான் பார்த்தேன். ஏதோ வீட்டு அவசரம்போல என்று நினைத்தேன்.

"மனசிலாச்சா?" என்று உங்கள் பேச்சிலேயே கேட்டேன். அப்படிக் கேட்டால் நெருக்கமாக இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

"மனசிலாச்சு டீச்சரே" என்றாய் நீ.

அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. நான் கூப்பிட்டேன். "எதுக்கு ஏட்டி, வண்டி இல்லாதவளுக்கு ஓட்டம் எதுக்கு" என்று சிரித்தாய். கோபமே இல்லாத சிரிப்பு. குழு முடிந்து எரட்டிப்பு கைக்கு வந்த நாளில் நீதான் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாய். அதன்பின் நான் வேறு ஊர்களுக்கு மாறினேன். எப்போதாவது குளச்சல் சாலையில் ஸ்கூட்டரில் போகும்போது, சருவத்தோடு ஓரமாக நடந்து போகும் உன்னைப் பார்ப்பேன். கையாட்டுவாய். ஒருமுறை நிறுத்தி, ஏறு என்றேன். "ஒனக்க சேலையெல்லாம் நாறிப்போவும், நீ போ" என்று விரட்டிவிட்டாய். முட்டு வலிக்கு நீ கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரைகள்தான் சிறுநீரகத்தைக் கெடுத்தன என்று பிறகு சொன்னார்கள். அடக்கத்துக்கு வந்தேன். மாலை வைத்தேன். மூன்று மணிக்கு ஒரு கூட்டம் இருந்தது, கிளம்பிவிட்டேன்.

சலான்களைக் கண்டெடுத்தபின் நான் உன் கோப்பையும் எடுத்தேன். நீ பணம் எடுத்த தேதியும் அந்த எட்டு முத்திரைகளின் தேதியும் ஒன்று. எடுத்தது பதினேழாயிரம். எட்டு இரண்டாயிரம் பதினாறாயிரம். பிறர் பணத்தைக் கட்டப் போகிறவள் அன்றைக்கே தன் பணத்தை ஏன் எடுக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுக்கச் சம்பளம் வாங்குகிற நான் அதை யோசிக்கவில்லை.

சலான்கள் கிடைத்த வாரத்து ஞாயிறு லீமா வீட்டுக்குப் போனேன். எரட்டிப்புப் பணத்தில் கூரை மாற்றிய வீடு. சலான்களை அவள் மடியில் வைத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழுதாள்.

"எங்ககிட்ட ஒண்ணும் கேக்கல்ல டீச்சரே. பாஸ்புக்கத் தான்னா, குடுத்தோம். கெட்டிட்டு வந்துதான் சொன்னா. 'எனக்கு ஒருத்திக்கு எரட்டிப்பு போனா ஒரு பங்கு. ஒங்களுக்குப் போனா எட்டுப் பங்கு. கணக்கு நான் டீச்சர்கிட்டல்லா படிச்சேன்'னு சொன்னா. மிச்சம் ஆயிரத்தத் தேடுத வள்ளத்துக்கு டீசலுக்குக் குடுத்தா."

"பிறகாவது…"

"ரெண்டு வருசம் கொண்டு நாங்க பைசாவத் திருப்பிக் குடுத்தோம். வாங்கிக்கிட்டா. மொவளுக்க பீசுக்குக் கெட்டினா. அந்த எரட்டிப்ப நாங்க எங்க போயிக் குடுக்க?" லீமா மேலே கூரையைப் பார்த்தாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதைக் கேட்காமலே வந்திருக்கலாம்.

"அன்னைக்கு நீங்க வகுப்பில பேசும்ப நான் எழும்பினேன்லா? அவதான் இழுத்து இருத்தினா. 'யாரும் டீச்சர்கிட்ட மிண்டப்பிடாது. நமக்கு வேண்டி அவ ஆபீஸ்ல கெஞ்சிக் கேட்டிருக்கா, பாவம். அவிய முடியாதுன்னு சொன்ன பொறவு நாம இப்படிச் செஞ்சோம்னு தெரிஞ்சா அவளுக்க வேலைக்கு வெனையாயிரும்'னு சொன்னா."

நான் அந்தக் கூரைக்கடியில் உட்கார்ந்திருந்தேன். லீமா கட்டன்சாயா கொடுத்தாள். குடித்தேன். அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

உன்னிடம் சொல்கிறேன். நான் கேட்கவே இல்லை, ஏட்டி. இதையெல்லாம் முடிவு செய்கிற ஒருங்கிணைப்பாளருக்கு நான் போன் பண்ணவே இல்லை. நீ தேதி தள்ளக் கேட்ட அந்த ஞாயிறு வீட்டுக்குப் போனதும் போனைக் கையில் எடுத்தேன். என் குழுக்களில் எதுவும் அதுவரை சலுகை கேட்டதில்லை. அது எனக்கொரு பெருமை. கேட்டால் அந்தப் பெருமை போய்விடும், என் குழுவும் மற்றக் குழுக்களைப்போல ஆகிவிடும் என்று போனைக் கீழே வைத்துவிட்டேன். மறுநாள் நீ வந்து நின்றபோது 'முடியாதுங்கறாங்க' என்ற பொய் எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா. அந்தப் பொய்யை நம்பித்தான் நீ விரல் மடக்கிக் கணக்குப் போட்டாய். அந்தப் பொய்யை நம்பித்தான் என்னையும் காப்பாற்றினாய். உன் ஸ்கூட்டரைக் கடல் கொண்டுபோகவில்லை, விதியும் கொண்டுபோகவில்லை. நான் கொண்டுபோனேன்.

லீமாவிடமும் மற்ற ஏழு பேரிடமும் உன் மகளிடமும் இதைச் சொல்லத்தான் போகிறேன். வரும் ஞாயிறு வருவதாக லீமாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

போன ஞாயிறு இராஜாக்கமங்கலம் பக்கத்தில் புதிய குழுவுக்கு முதல் வகுப்பு. பன்னிரண்டு பெண்கள். சார்ட்டை விரிக்கவில்லை. எந்தெந்த மாதம் உங்களால் கட்ட முடியாது என்று மட்டும் முதலில் கேட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி கேட்டாள். கேள்வி ஏறக்குறைய உன்னுடையதுதான். வள்ளம் போகாத மாசம் தேதி தள்ளிக் கிடைக்குமா என்று ஆபீஸில் கேட்டுச் சொல்வீர்களா என்றாள்.

நான் பையிலிருந்து போனை எடுத்தேன். அவர்கள் முன்னாலேயே ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன்.

"தாராளமா ஒரு மாசம் தள்ளிக்கலாம்" என்றார் அவர். "கடற்கரை ஊருக்கெல்லாம் ஆரம்பத்துல இருந்தே அப்படித்தானே குடுத்துக்கிட்டிருக்கோம். உங்க குழுவுலதான் இதுவரைக்கும் யாரும் கேக்கல."

அவர் போனை வைத்தார். கேட்டவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இவ்வளவுதானா டீச்சரே?"

"இவ்வளவுதான்" என்றேன்.